தோளில் கை வைத்த பெண்ணும் நூறு மடங்கு ஜூமும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து திராட்சைக் கொடி மாதிரி. கோடு போட்ட நோட்டில் ஆரம்பித்தாலும் வரி மேலே மேலே ஏறிப் பந்தலைத் தொட்டுவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ரொம்பவும் அழகாகத் திருத்திவிட வேண்டாம். ஒரு போன் ஒரு முகத்தை அளவுக்கு மீறித் திருத்தப்போய்த்தான் நான் ஊரில் தலைகாட்ட முடியாமல் கிடந்தேன்.

அந்தக் கதையை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில், என்னைத் தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் சொன்னபடி நான் கோயிலுக்குள் அரிவாளோடு வந்திருக்கிறேன். நானும் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்படியா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். (அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் என் வியாதி.) இப்படியே விட்டால் அடுத்த கல்யாணத்தில் துப்பாக்கி வந்துவிடும் என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கம். எனக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் நிறையக் கூச்சமும் உண்டு. பஸ்ஸில் என் ஊர் வந்ததும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். தோட்டத்தில் கொடிகளோடு இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கொடி திருப்பிக் கேள்வி கேட்காது.

என் மகள் ஸ்டெல்லா தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவளுக்குப் பழனிசெட்டிபட்டியில் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அந்தோணி. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை சொந்தமாக வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போயிற்று, ஸ்டெல்லாவுக்கும் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடித்ததா என்று என் மனைவி அமலோற்பவம் அன்று மாலை கேட்டாள். நான் அவர் வந்ததிலிருந்து போகும்வரை அவருடைய செருப்பைத்தான் பார்த்திருந்தேன். (நல்ல செருப்பு.)

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பெண்ணின் தகப்பன் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை ஊருக்கு ஒரு நடை போய் வரவேண்டும். டீக்கடையில் கொஞ்ச நேரம், சலூனில் கொஞ்ச நேரம், பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம். பையன் குடிப்பானா, கைநீட்டுவானா, வேறு தொடுப்பு உண்டா என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எங்களுக்கு இதற்கு ஒரு கெடுவும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் எல்லாருக்கும் கேட்க அறிவிப்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண்ணின் பெயர் ஊர் வாயில் ஏறிவிடும். பிறகு நின்றால் அவளுக்குத்தான் அசிங்கம். அதனால் விசாரணை எல்லாம் ஓலைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

நான் மூன்று வாரமாக, இந்தா போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும்.

"நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றாள் அமலோற்பவம். "டீக்கடையில போயி உக்காருங்க. அவுகளே பேசுவாக. காதை மட்டும் தொறந்து வச்சுக்கங்க."

அதற்குக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் என் மச்சினன் சூசைராஜ் உள்ளே வந்தான்.

சூசைராஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மிஷினை வாடகைக்கு விடுவது அவன் தொழில். வரப்போகும் செல்போன்களைப் பற்றிப் பேசுவது அவன் வாழ்க்கை. கையில் இருக்கும் போனைப் பற்றி அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அது பழசு. வாங்கிய அன்றைக்கே பழசு. அடுத்து வருகிற போனில் இருநூறு மெகாபிக்சல், அதற்கும் அடுத்ததில் லென்ஸ் தானாக நகரும், அதற்கும் அடுத்ததில் இருட்டிலும் பகல் மாதிரி விழும் என்று, இன்னும் பிறக்காத போன்களுக்கெல்லாம் சாதகம் வைத்திருந்தான். பெண் பார்ப்பதிலும் அவனுக்கு இதே கணக்குதான். அவசரப்படக் கூடாது, பொறுத்தால் அடுத்ததில் அம்சம் கூடும் என்று சொல்லியே முப்பத்தெட்டு வயதாகியும் தனியாக இருந்தான். ஸ்டெல்லாவின் வரனைப் பற்றியும், "நல்ல பையன்தான் மாமா, ஆனா ஒரு வருசம் பொறுத்தா இதைவிடத் தேறுனது வரும்" என்றுதான் சொன்னான்.

அவன் தன்னிடம் இருந்த இரண்டு போன்களில் பெரியதை என் கையில் வைத்தான்.

"நீங்க எதுக்கு மாமா டீக்கடைக்குப் போகணும்? இது நூறு மடங்கு இழுக்கும். நெலாவுல இருக்க பள்ளத்தை எடுக்குது. பழனிசெட்டிபட்டியில இருக்க மாப்பிள்ளைய எடுக்காதா?"

அந்தப் போனின் முதுகில் நாலு கண்கள் இருந்தன. ஒரு கண்ணுக்குள் லென்ஸைப் படுக்க வைத்து, ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெளிச்சத்தை மூலை திருப்பி அனுப்புகிறார்களாம். வாய்க்காலில் மடை திருப்புகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். திரையின் அடியில் 1x, 10x, 100x என்று எண்கள் வந்தன. 1x என்றால் சும்மா நம் கண். 100x என்றால் கழுகு. அதற்கும் மேலே ஒரு விசேஷம் சொன்னான். தூரத்தில் இருப்பது தெளிவாக விழாவிட்டால், அங்கே என்ன இருந்திருக்கும் என்று போனே யோசித்துப் போட்டுக்கொள்ளுமாம்.

"இதுல பாதிதான் போடும் மாமா. அடுத்து வர்றதுல முழுசாப் போட்டுரும்."

இல்லாததை எதற்குப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கக் கூச்சமாக இருந்தது. இந்தக் கதையில் நான் செய்த தவறுகளை வரிசைப்படுத்தினால் அதுதான் முதல் தவறு.

பரீட்சை பார்ப்பதற்காகத் தோட்டத்தின் இந்தக் கடைசியில் நின்றுகொண்டு, அந்தக் கடைசியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அமலோற்பவத்தை எடுத்தேன். சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு அவள் கன்னத்தில் உண்டு. படத்தில் அது இல்லை. கன்னம் வெண்ணெய் மாதிரி இருந்தது. காட்டியதும் அவள் வெகுநேரம் பார்த்தாள். "இதுல சரியா விழுந்திருக்கேன்" என்றாள். எனக்கும் போனின் மேல் நம்பிக்கை வந்தது. பிறகு திராட்சை இலையின் அடியில் படிந்திருந்த சாம்பல் நோயை எடுக்கலாம் என்று கிட்டே கொண்டுபோனேன். உடனே எல்லாம் மங்கிவிட்டது. நிலாவின் பள்ளத்தைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் நோய் தெரியவில்லை. தள்ளிப் போ என்று திரையிலே எழுதிக் காட்டியது. அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாராவது பக்கத்தில் வந்தால் தடுமாறிப் போகிற ரகம். என் ரகம்.

சனிக்கிழமை காலை பழனிசெட்டிபட்டியில் இறங்கினேன். அந்தோணியின் கடை ரோட்டோரம். முன்னால் தகரக் கொட்டகை போட்டு, அதன் கீழ் ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாரைக் காலுக்கிடையில் வைத்துக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நான் ரோட்டின் இந்தப் பக்கமாகவே பின்வாங்கி, இருநூறு எட்டு தள்ளி ஒரு பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் ஒரு கட்டெறும்பு. ஒரு டீ சொல்லிவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, நூறை அழுத்தினேன்.

ஆள் திரை முழுக்க வந்துவிட்டார். புருவம் தெரிந்தது. என் கை லேசாக நடுங்கினால் பழனிசெட்டிபட்டியே நடுங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதரின் முகத்தை, அவர் என்னைப் பார்க்காமல், ஆசை தீரப் பார்த்தேன். இவ்வளவு சுகமான விசாரணையை எந்தத் தகப்பனும் செய்திருக்க மாட்டான் என்று நினைத்து ஒரு பன்னும் சொன்னேன்.

பன் வருவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

வந்துவிட்டாள் என்பதைவிட, இருந்தாள் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்குப் பின்னால் கடுகு நிறச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல நிறம். வலது கையை நீட்டி அவர் தோளில் வைத்திருந்தாள். நான் எடுத்தேன். எடுத்த படத்தைப் போன் ஒரு நொடி யோசித்துத் தெளிவாக்கியது. இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு, கண்ணில் ஈரம். மாப்பிள்ளை தோளை உதறவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பழகிப்போன தோள் மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் கழித்து எடுத்தேன். அதே சேலை, அதே கை, அதே தோள். பதினொரு மணிக்கு அவர் எழுந்து எங்கேயோ போனார். அவள் போகவில்லை. காலியாக இருந்த ஸ்டூலுக்குப் பின்னால் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் கை மறுபடி தோளில் இருந்தது. இப்படி ஒரு பொறுமையை நான் எந்தப் பெண்ணிடமும் கண்டதில்லை. (அமலோற்பவம் இதைப் படிக்கக் கூடாது.) மதியம்வரை நான் எடுத்தது நூற்றுக்கு மேல். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஒரு தடவைகூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஒருவன் வந்து அவள் இடுப்பில் கை போட்டு அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வெயிலில் அத்தனை நேரம் நின்றால் யாருக்குத்தான் மயக்கம் வராது. மாப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காயிலை முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்து, போன் வழுக்கி, சார்ஜும் தீர்ந்தது.

அப்போது நான் எழுந்து இருநூறு எட்டு நடந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் எதிர்ப்பக்கம் நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் ஸ்டெல்லா ரவிக்கைத் துணிக்கு எம்ப்ராய்டரி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு.

"பாத்தீகளாப்பா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்காக?"

"தெளிவா விழுந்திருக்கு" என்றேன். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அவள் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது ஜூம் இல்லாமலே தெரிந்தது. சொன்னால் அவள் மனது உடையும். சொல்லாவிட்டால் காலையில் ஓலை.

சூசைராஜை மட்டும் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போய்ப் படங்களைக் காட்டினேன். அவன் இரண்டு விரலால் அவள் முகத்தை விரித்து விரித்துப் பார்த்தான். முதலில் படத்தின் தெளிவை மெச்சினான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"கண்ணு கலங்கியிருக்கு மாமா. இது ஏமாந்த பொம்பளையோட கண்ணு. நிக்கிற நிலையப் பாருங்க, உரிமையா நிக்கிறா. இவன் ஏற்கெனவே ஒண்ணைக் கட்டியிருக்கான்."

காலையில் பூசைக்கு முன்னால் தானே சாமியாரிடம் சொல்லி ஓலையை நிறுத்திவிடுவதாக அவன் சொன்னான். எனக்குப் பாதி உயிர் வந்தது. மறுநாள் காலையில் கோயில் வாசலில் அவனைத் தேடினேன். ஆள் இல்லை. அவனுடைய இன்னொரு போனுக்குப் போட்டால் தேனியில் இருந்தான். முன்பதிவு செய்து வைத்திருந்த புதுப் போன் வந்துவிட்டதாம். பத்து மணிக்குள் வாங்கினால் கவர் இலவசமாம். "நீங்களே சொல்லிருங்க மாமா, ஒரு வார்த்தைதானே" என்றான்.

சாமியாரைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஆட்கள் போனபோது அவரும் போய் பீடத்தில் ஏறிவிட்டார்.

பூசை முடியப் போகும் நேரத்தில் ஓலை வாசித்தார். சவரிமுத்து, அமலோற்பவம் ஆகியோரின் மகள் ஸ்டெல்லா என்று எங்கள் பெயர்கள் ஒலிபெருக்கியில் வந்தன. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். அது ஒரு சம்பிரதாயம். எனக்குத் தெரிந்து அதற்கு இதுவரை யாரும் எழுந்ததில்லை. என் வலது முழங்கால் எழுந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் எழுந்தது.

கோயில் முழுக்கத் திரும்பியது. சின்னப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தியது நன்றாக நினைவிருக்கிறது.

"என்ன சவரிமுத்து?" என்று சாமியார் கேட்டார், ஒலிபெருக்கியிலேயே.

பெண்ணைப் பெற்றவனே தன் பெண்ணின் ஓலைக்கு எழுந்து நிற்கிறான். ஏதாவது சொல்லியாக வேண்டும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"சாமி, படம் இருக்கு."

நான் பொது இடத்தில் பேசிய முதல் பேச்சு அது. முழுப் பேச்சும் அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் சாமியார் பங்களா வராந்தாவில் கூடினோம். சாமியார் கண்ணாடி போட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். தள்ளத் தள்ள அவர் முகம் இறுகியது. பையனைக் கேட்காமல் நாம் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னார். அமலோற்பவம் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டுச் சனத்துக்கு முன்னால சொல்ல வாய் வந்துச்சு. வீட்டுல பொண்டாட்டிகிட்டச் சொல்ல வரலையாக்கும்."

நான் வராந்தாவின் தரையைப் பார்த்தேன். அங்கே ஸ்டெல்லாவின் கால் வந்து நின்றது. என் கையிலிருந்து போனை வாங்கி, ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அந்தப் படத்தைத் தன் போனுக்கு மாற்றி, அப்படியே அந்தோணிக்கு அனுப்பி, கீழே "இது யாரு?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"கூட்டிட்டு வர்றேன்."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. யார், என்ன, எதற்கு, ஒன்றும் இல்லை. கூட்டிக்கொண்டு வருகிறாராம். அமலோற்பவம் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லா உடனே போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. கோயில் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "வெயிலா இருக்கு" என்றேன்.

"வரட்டும்ப்பா" என்றாள். "நானே கேட்டுக்கிறேன்." கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரல் அளவுக்கு ஆக்கியிருந்தாள்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வண்டியில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க ஊரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியை அடுப்பில் வைத்துவிட்டு வந்த பெண்கள்கூடப் போகவில்லை. அன்று எங்கள் ஊரில் பாதி வீட்டுக் குழம்பு தீய்ந்தது என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியில் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் கடுகு நிறச் சேலையில் அவள் இருந்தாள். அதே சிரிப்பு. காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிவிடவில்லை. காயில் கட்டும் பருத்தி நாடாவால் அந்தோணியின் முதுகோடு சேர்த்து அவளை நாலு சுற்றுக் கட்டியிருந்தது. (வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி, பின்னால் இருக்கும் அம்மாவுக்கு ஹெல்மெட் எங்கே என்று கேட்டதாக மாப்பிள்ளை இன்றும் சொல்கிறார். அதற்கு நான் சாட்சி இல்லை.)

அவர் நாடாவை அவிழ்த்து, இடுப்பில் கை போட்டுத் தூக்கி, எங்கள் கோயில் முற்றத்தில் அவளை நிறுத்தினார். அவள் லேசாக ஆடி நின்றாள். ஸ்டெல்லா படியிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனாள். முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனி உடைந்து வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. ஒரு கண்ணில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஸ்டெல்லா விரலை மடக்கி அவள் கன்னத்தில் தட்டினாள். டொக் என்று சத்தம் வந்தது. சேலைக் கொசுவத்தில் விலைச் சீட்டு தொங்கியது.

ஜவுளிக் கடைப் பொம்மை.

அந்தோணியின் கடையைத் தாண்டி நாற்பது எட்டில் ஒரு ஜவுளிக் கடை இருக்கிறது. அதன் வாசலில், பேக்கரியிலிருந்து பார்த்தால் அந்தோணிக்கு நேர் பின்னால் நிற்கிறவள். மதியம் வெயில் ஏறியதும் சேலை வெளுத்துவிடும் என்று கடைக்காரர் தூக்கி உள்ளே வைப்பாராம். அவரிடம் சொல்லித்தான் அந்தோணி வாங்கி வந்திருக்கிறார்.

முதலில் சிரித்தது சாமியார். பிறகு எல்லாரும். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் அந்தப் பொம்மையின் நீட்டிய கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்தது. நான் பார்த்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தோணி என்னிடம் வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவர் செருப்பு போடவில்லை. அவசரத்தில் அப்படியே வந்திருக்கிறார்.

"எங்கன உக்காந்து எடுத்தீக மாமா?"

"பேக்கரியில."

"அங்கன இருந்து நம்ம கடை இருநூறு எட்டுதானே. வந்திருந்தா டீ குடுத்திருப்பேனே."

நான் போனை அவரிடம் நீட்டினேன், ஏதோ திருடிய பொருளை ஒப்படைப்பது மாதிரி. அவர் படங்களைப் பார்த்தார். பொம்மையின் மூக்கு படத்தில் உடையவில்லை. கண்ணில் ஈரத்தைப் போனே ஊற்றி வைத்திருந்தது.

"தூரத்துல இருக்கதை இழுக்குறப்ப எல்லாத்தையும் சேத்து இழுத்துருது மாமா. நடுவுல இருக்க தூரத்தை மட்டும் அங்கனயே விட்டுருது" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எங்கம்மா கோவமா இருக்காக. கோயில்ல வச்சுக் கேட்டுட்டாகளே, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்றாக. நான் ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். ரெண்டாவது ஓலைக்கு முன்னால நீங்க ஒரு நாள் முழுக்க எங்கடையில வந்து உக்காரணும். போன் இல்லாம, பக்கத்துல. பாத்துட்டுப் பிடிக்கலைன்னா அடுத்த ஞாயிறும் எந்திரிங்க."

இந்த நேரத்தில்தான் சூசைராஜ் தேனியிலிருந்து வந்து சேர்ந்தான். கையில் புதுப் போன். கூட்டத்தைப் பார்த்ததும் போனை உயர்த்திப் பிடித்தபடியே உள்ளே வந்தவன், திரையிலேயே கடுகு நிறச் சேலைக்காரியைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டான். அவன் நிற்கும் தூரம் பத்தடி. புதுப் போன், கவரோடு.

அடுத்த சனிக்கிழமை நான் போனேன். பேக்கரியைத் தாண்டும்போது கால் தானாக நின்றது, இழுத்துக்கொண்டு நடந்தேன். அந்தோணி ஒரு ஸ்டூலைப் போட்டார். கூச்சத்தில் நான் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு, அந்தக் கையில் செம்புக் கம்பியின் நுனியைக் கொடுத்து, "பிடிச்சுக்கங்க மாமா, விட்டுறாதீக" என்றார். கம்பி பிடித்திருப்பவன் எழுந்து ஓட முடியாது. பிடித்துக்கொண்டே பார்த்தேன். பெருவிரலில் சூடு பட்ட பழைய தழும்பு இருந்தது. நகக்கண்ணில் வார்னிஷ் கறுத்துக் கிடந்தது. எண்ணிக்கை தவறாமல் இருக்க உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றினார், நடுவில் யார் கூப்பிட்டாலும் எண்ணி முடித்துத்தான் நிமிர்ந்தார். ஒரு விவசாயி எரிந்த மோட்டாரோடு வந்து, பயிர் காய்கிறது என்று புலம்பினார். செய்துகொண்டிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடையதை எடுத்தார். இதெல்லாம் நூறு படத்தில் ஒன்றிலும் விழவில்லை.

மதியம் அவருடைய அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்கள். இலையைப் போட்டார்கள், சோற்றை வைத்தார்கள். குழம்பை ஊற்றும்போதுதான் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"என்ன சம்பந்தி, இப்ப தெளிவாத் தெரியுதா?"

எனக்கு வழக்கமாக வாய் வராது. அன்று வந்தது. "தெரியுது. நான் பண்ணுனது தப்பு. எம்மக மேல கோவப்படாதீக" என்றேன். மூன்று வாக்கியம். என் பழைய சாதனையைப்போல மூன்று மடங்கு. அவர்கள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள். ஸ்டெல்லாவின் கல்யாணம் அந்தக் கரண்டியில்தான் உறுதியானது என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சொல்லிவிட்டுச் சாமியார் நிறுத்தினார். தேவைக்கு மேல் நிறுத்தினார். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் என் கால் விரல்களைப் பார்த்தபடி இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. முகூர்த்தச் சேலை அந்த ஜவுளிக் கடையில்தான் எடுத்தோம். வாசலில் நின்றவளைக் கடக்கும்போது அமலோற்பவம், "அக்காகிட்டச் சொல்லிட்டு வாங்க" என்றாள். இன்றைக்கும் எங்கள் கோயிலில் யாருடைய ஓலை வாசித்தாலும், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களுடையது என்றாலும், தடை என்ற வார்த்தை வந்ததும் ஊரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறது. சூசைராஜ் எங்கள் சோளக்கொல்லைப் பொம்மையைப் படம் எடுத்துப் பார்த்தான். மண்பானைத் தலைக்குப் போன் ரோஜா நிறக் கன்னமும் வரிசையான பல்லும் வைத்துக் கொடுத்தது. அவன் அசரவில்லை. "அடுத்த வருசம் வர்றதுல, எதிர்ல நிக்கிறது ஆளா பொம்மையான்னு அதுவே சொல்லிருமாம் மாமா" என்கிறான். அதற்காகக் காத்திருக்கிறான்.

நான் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பழனிசெட்டிபட்டி போகிறேன். மருமகன் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது. யார் வந்தாலும் அதில் உட்கார விடுவதில்லை. மோட்டாருக்கு எண் போடும் வெள்ளைப் பெயிண்டால் அதன் மேல் அவரே எழுதி வைத்திருக்கிறார்: 1x.

14.8.2025, வியாழக்கிழமை. மாதா திருநாளுக்கு முந்தின நாள்.